திருவாதிரைக் களியும் காமா கதிரும்

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பத்திரிகையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டுங்கள். (ஆவடி லோக்கலில் படிப்பவர்கள் ஜாக்கிரதை. யாராவது சில்லறை போட்டுவிடப் போகிறார்கள்.) ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சுமாராக ஒரு துகள் ஆகாயத்திலிருந்து வந்து உங்கள் உள்ளங்கையைத் துளைத்து, ரயில் பெட்டியின் தரையைத் துளைத்து, பூமிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. வலிக்காது. ரத்தம் வராது. டிக்கெட்டும் வாங்காது. பெயர் மியூவான்.

இதை எனக்குச் சொன்னவன் என் அக்கா மகன். ப்ளஸ் டூ. அவனுக்குப் புத்தி சொல்லப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த புத்தி இது.

விஷயம் இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மார்கழி மாசம், ஆபீசில் வவுச்சர்களோடு போராடிக்கொண்டிருந்தபோது திருமுல்லைவாயலிலிருந்து அக்கா போன்.

"டேய், இவன் இன்ஜினீயரிங் வேணாங்கறான்டா. பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிக்கப் போறானாம். காஸ்மிக் ரே, காமா ரேன்னு என்னென்னமோ சொல்றான். வீட்டு லோன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. சின்னவ எட்டாவது படிக்கிறா. நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லு. மாமா சொன்னா கேப்பான்."

ஒரு குடும்பத்தில் யார் சொன்னால் கேட்பான் என்ற பெயர் ஒருவனுக்கு வந்துவிட்டால், அவனுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் போனேன்.

பையன் மொட்டை மாடியில் இருந்தான். நான் 'வேலை வாய்ப்பு' என்று ஆரம்பிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அம்பத்தூர் - ஆவடிப் பக்கம் எஸ்டேட் வெளிச்சமும் தெருவிளக்கும் சேர்ந்து எப்போதும் வானத்தில் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும். கரண்ட் போனால்தான் நட்சத்திரங்கள் தலைகாட்டும்.

"மாமா, கிழக்கே பாருங்க. வரிசையா மூணு நட்சத்திரம் தெரியுதா? அதுக்கு இடது பக்கம் செவப்பா ஒண்ணு இருக்கே, அதுதான் திருவாதிரை."

"களி பண்ணுவாங்களே, அந்தத் திருவாதிரையா?"

"அதேதான். இங்கிலீஷ்ல பீட்டல்ஜூஸ். அது ஒரு நாள் வெடிக்கப் போகுது."

பகீர் என்றது. உடனே இல்லையாம். நாளைக்கும் வெடிக்கலாம், ஒரு லட்சம் வருஷம் கழித்தும் வெடிக்கலாம். 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது உலகம் பூராவும் விஞ்ஞானிகள் பரபரத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, 2020-ல் மறுபடி பழைய பிரகாசத்துக்கு வந்துவிட்டது.

"இப்ப கையை நீட்டி, திருவாதிரைலேர்ந்து இடது பக்கமா ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா அளங்க. அங்க என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையேடா."

"அங்க ஏற்கெனவே ஒண்ணு வெடிச்சிடுச்சு மாமா. என் கதையே அங்கதான் இருக்கு."

அவன் சொன்னதையும், அப்புறம் நான் ஒரு வாரம் லீவு நாளில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

* * *

1912-ல் விக்டர் ஹெஸ் என்று ஓர் ஆஸ்திரியர். காற்றில் எப்போதும் கொஞ்சம் மின்னூட்டம் இருந்துகொண்டே இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்பது அவர் கேள்வி. மண்ணிலுள்ள கதிரியக்கப் பொருள்களிலிருந்து என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படியானால் மேலே போகப் போகக் குறைய வேண்டும். ஹெஸ் பலூனில் ஏறினார். ஆகஸ்ட் 7-ம் தேதி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பார்த்தால், குறையவில்லை, ஏறியிருக்கிறது! சூரியன்தான் காரணமோ என்ற சந்தேகத்தை, அதே வருஷம் ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதே ஒருமுறை பறந்து பார்த்துத் தீர்த்து வைத்திருந்தார். சூரியன் மறைந்தபோதும் அளவு குறையவில்லை. ஆக, ஏதோ ஒன்று விண்வெளியிலிருந்து பூமி மேல் பொழிந்துகொண்டிருக்கிறது. அதுதான் காஸ்மிக் கதிர். 1936-ல் ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு.

கதிர் என்று பெயர் வைத்தாலும் அது ஒளி இல்லை. பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள். மிச்சத்தில் பெரும்பங்கு ஹீலியம் அணுக்கரு. இவை மேல் காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கிற பேரப் பிள்ளைகளில் ஒன்றுதான் உங்கள் உள்ளங்கையில் ஓட்டை போட்ட மியூவான்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1930களில் அமெரிக்காவின் மில்லிகன் குழுவினர் கருவிகளைக் கட்டிப் பலூன்களைப் பறக்கவிட்ட இடங்களில் சென்னையும் ஒன்று. ஏன் இங்கே வந்தார்கள்? மெரீனா காற்று வாங்க அல்ல. சென்னை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. மின்னூட்டம் உள்ள துகள்களைப் பூமியின் காந்தப் புலம் இங்கேதான் பலமாகத் திருப்பி அனுப்பும். எதிர்பார்த்தபடியே இங்கே எண்ணிக்கை குறைவு. வருவது மின்னூட்டம் உள்ள துகள்தான் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இங்கேதான் வில்லங்கமும் ஆரம்பம். மின்னூட்டம் இருந்தால் காந்தம் வளைக்கும். நம் பால்வீதி பூராவும் மெல்லிய காந்தப் புலம் பரவியிருக்கிறது. எங்கோ கிளம்பிய புரோட்டான் லட்சக்கணக்கான வருஷம் வளைந்து, திரும்பி, அலைந்து, எல்லாத் திசையையும் மறந்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறது. அனுப்புநர் பெயர் மழையில் அழிந்துபோன இன்லண்ட் லெட்டர் மாதிரி. கடிதம் கையில் இருக்கிறது. போட்டது யார்?

1934-ல் பாடே, ஸ்விக்கி என்ற இரண்டு பேர் ஒரு ஊகம் சொன்னார்கள். ராட்சச நட்சத்திரங்கள் ஆயுள் முடிந்து வெடிக்கின்றன. அந்த சூப்பர்நோவாக்கள்தான் காஸ்மிக் கதிரின் பிறப்பிடம். கணக்கும் பிற்பாடு ஒத்து வந்தது. நம் பால்வீதியில் நூறு வருஷத்துக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவா. ஒவ்வொன்றும் வெடிக்கிற சக்தியில் சுமார் பத்து சதவீதம் துகள்களுக்குப் போனால் போதும், வரவும் செலவும் டாலி ஆகிவிடும். அக்கவுண்ட்ஸ்காரனான எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் டாலி ஆவது வேறு, வவுச்சர் இருப்பது வேறு. ஆடிட்டர் வவுச்சர்தான் கேட்பார்.

* * *

வெடித்துப்போன நட்சத்திரம் எப்படித் துகளுக்கு வேகம் ஏற்றுகிறது?

வட்டிக்கு வட்டி தெரியுமல்லவா? அதேதான். நட்சத்திரம் வெடித்ததும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அதிர்ச்சி அலை கிளம்புகிறது. அலைக்கு முன்னாலும் பின்னாலும் காந்தப் புலம் குழம்பிக் கிடக்கிறது. நடுவில் மாட்டிய புரோட்டான் இங்கே இடித்து அங்கே, அங்கே இடித்து இங்கே. டேபிள் டென்னிஸ் ஆடுகிற இரண்டு பேரும் மட்டையோடு நெருங்கி வந்தால் பந்து என்ன பாடு படும்? ஒவ்வொரு இடியிலும் கொஞ்சம் லாபம். பேச்சுக்கு ஒரு சதவீதம் என்று வையுங்கள். எழுபது தடவையில் இரண்டு மடங்கு. எழுநூறு தடவையில் ஆயிரம் மடங்கு! இடையில் பல புரோட்டான்கள் 'இது போதும்' என்று சீக்கிரமே வெளியே போய்விடும். பொறுமையாக இருந்த சில மட்டும் கோடீஸ்வரர்கள். வருகிற காஸ்மிக் கதிரிலும் அப்படித்தான்: சக்தி குறைந்தவை ஏராளம், கூடியவை அபூர்வம். 1949-ல் என்ரிகோ ஃபெர்மி போட்ட அஸ்திவாரம் இது. அதிர்ச்சி அலைக்கு அதைப் பொருத்தி 1970களின் கடைசியில் பல பேர் தனித்தனியே கட்டடம் எழுப்பினார்கள்.

எல்லாம் சரி, வவுச்சர்?

அதற்குத்தான் காமா கதிர். வேகமேறிய புரோட்டான் பக்கத்தில் கிடக்கும் வாயு மேகத்தில் மோதினால் பையான் என்று ஒரு துகள் பிறக்கிறது. அதில் மின்னூட்டம் இல்லாத வகை ஒன்று. அதற்கு ஆயுசு, நாம் கண் சிமிட்ட நினைக்கிற நேரம்கூட இல்லை. உடனே இரண்டு காமா கதிராக உடைந்துவிடும். காமா கதிர் என்பது ஒளிதான், ஆனால் பயங்கர சக்தி வாய்ந்த ஒளி. ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தம் அதை ஒன்றும் செய்ய முடியாது. கிளம்பிய இடத்திலிருந்து நேராக வரும். அனுப்புநர் விலாசத்தோடு வருகிற கடிதம்!

இங்கேயும் ஒரு சிக்கல். எலக்ட்ரான்கள்கூடக் காமா கதிரை உண்டாக்கும். 1054-ல் வானத்தில் ஒரு சூப்பர்நோவா தெரிந்தது. கொப்பத்துப் போர்க்களத்தில் ராஜாதிராஜ சோழன் யானை மேல் உயிர்விட்டது ஏறக்குறைய அந்தச் சமயம்தான். பட்டப் பகலிலேயே 23 நாள் தெரிந்ததாகச் சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அதன் மிச்சம்தான் ரிஷப ராசியில் இருக்கும் நண்டு நெபுலா. அங்கிருந்து காமா கதிர் கொட்டுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு எலக்ட்ரான் உபயம். ஆகவே காமா கதிரைப் பார்த்ததும் 'பிடித்துவிட்டோம்' என்று குதிக்க முடியாது. கைரேகை பார்க்க வேண்டும்.

பையானுக்கு அந்தக் கைரேகை இருக்கிறது. அதன் எடைக்கு ஏற்ற கணக்குப்படி, ஒரு குறிப்பிட்ட சக்திக்குக் கீழே காமா கதிர் சட்டென்று சரிந்துவிட வேண்டும். எலக்ட்ரான் கேஸில் அப்படிச் சரியாது. 2008-ல் அமெரிக்காவின் நாஸா ஏவிய ஃபெர்மி செயற்கைக்கோள் நாலு வருஷம் பொறுமையாக எண்ணியது. 2013 பிப்ரவரியில் முடிவு வெளிவந்தது. இரண்டு சூப்பர்நோவா மிச்சங்களில் அந்தச் சரிவு அப்படியே இருந்தது. ஒன்றின் பெயர் டபிள்யூ 44. இன்னொன்று ஐ.சி. 443.

ஐ.சி. 443 எங்கே இருக்கிறது தெரியுமா? மிதுன ராசியில். சுமார் 5,000 ஒளி வருஷ தூரத்தில். திருவாதிரையிலிருந்து இடது பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக!

1912-ல் கேட்ட கேள்விக்கு 101 வருஷம் கழித்து முதல் வவுச்சர். வெடித்த நட்சத்திரங்கள் புரோட்டான்களுக்கு வேகம் ஏற்றுகின்றன என்பதற்கு நேரடி ஆதாரம். (மிதுன ராசிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வேறு பலன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.)

* * *

"சரிடா. அதான் கண்டுபிடிச்சாச்சே. நீ போய் என்ன பண்ணப் போறே?" என்றேன். மடக்கிவிட்டதாக நினைப்பு.

"பாதிதான் மாமா கண்டுபிடிச்சிருக்காங்க."

ஜெனீவா பக்கத்தில் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் புரோட்டானை ஓடவிட்டு மனிதன் ஏற்ற முடிந்த அதிகபட்ச சக்தி 6.8 டெரா எலக்ட்ரான் வோல்ட். பால்வீதியிலேயே தயாராவதாக நம்பப்படும் காஸ்மிக் கதிர்கள் அதைப்போல நானூறு மடங்குக்கும் மேல் போகின்றன. சூப்பர்நோவா மிச்சங்கள் அவ்வளவு தூரம் இழுக்குமா? அங்கேதான் உதைக்கிறது. வடக்கே காஸியோப்பியா-ஏ என்று இளம் மிச்சம் ஒன்று, சுமார் 350 வயசு. நன்றாக வேலை செய்யும் என்று எதிர்பார்த்த ஆசாமி. அதன் காமா கதிரோ சில டெரா எலக்ட்ரான் வோல்ட்டிலேயே தேய்ந்துவிடுகிறது என்று 2017-ல் தெரிந்தது. 2021-ல் சீனாவின் மலை மேலிருக்கும் லாசோ ஆய்வகம் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சக்தியுள்ள காமா கதிர்களைப் பன்னிரண்டு திசைகளிலிருந்து பிடித்தது. பெரும்பாலான திசைகளில் அனுப்பியது யார் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இளம் நட்சத்திரக் கூட்டங்கள், துடிக்கும் நட்சத்திரங்கள் என்று சந்தேகக் கேஸ்கள் நீள்கின்றன.

இதற்கும் மேலே ஒரு ரகம் இருக்கிறது. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டாவில் வந்து விழுந்த ஒரே ஒரு துகளில், அஸ்வின் வீசும் கிரிக்கெட் பந்தின் சக்தி இருந்தது. பந்து அல்ல, அணுவுக்குள் அடங்கும் ஒரு துகள்! அந்த மாதிரி ஆட்கள் நம் பால்வீதியே இல்லை, அயல்நாட்டார்.

"நம்ம ஊர்ல இதையெல்லாம் யாருடா பண்றாங்க? அமெரிக்கா போகணும், சீனா போகணும்..."

"ஊட்டி போனா போதும் மாமா."

நான் மூன்று தடவை ஊட்டி போயிருக்கிறேன். படகு விட்டிருக்கிறேன், வர்க்கி வாங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே, 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருப்பது தெரியாது. கிரேப்ஸ்-3 என்று பெயர். (திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) சுமார் 400 பிளாஸ்டிக் கண்காணிப்புக் கருவிகளை எட்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுக்கு அடியில், மியூவானை எண்ண 3,712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம். பழைய குழாய்களை மறுபடி உபயோகித்துச் செய்தது. 2024 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட முடிவு: காஸ்மிக் புரோட்டான்களின் எண்ணிக்கை, சக்தி ஏற ஏற ஒரே சீராகக் குறைவதாக நினைத்த இடத்தில், 166 டெரா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு மடிப்பு இருக்கிறது. ஒரே ஒரு ரகத் தொழிற்சாலை என்ற கதை அத்தனை எளிதல்ல என்று அர்த்தம்.

லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியோடு 'மேஸ்' என்ற காமா கதிர் டெலஸ்கோப் 2024 அக்டோபர் 4-ம் தேதி திறக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டுத் தொழிற்சாலைகளோடு சேர்ந்து கட்டியது. ஆசியாவில் அந்த வகையில் இதுதான் பெரியது.

"இதனால என்னடா பிரயோஜனம்?" கடைசி அஸ்திரத்தை விட்டேன். எல்லா மாமாக்களும் விடுவதுதான்.

"கீழடி 2,600 வருஷம் பழசுன்னு எப்படி மாமா கண்டுபிடிச்சாங்க? கார்பன்-14 வெச்சு. அந்தக் கார்பன்-14 எப்படி வருது? காஸ்மிக் கதிர் காத்துல மோதறப்ப."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கோ வெடித்த நட்சத்திரங்கள் கீழடிக் கரித்துண்டுக்குத் தேதி முத்திரை குத்தியிருக்கின்றன! 2014 டிசம்பர் 1-ம் தேதி ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததையும் அதே மியூவான் குழாய்கள்தான் அளந்து சொல்லியிருக்கின்றன.

* * *

ஒன்பது மணிக்கு அக்கா வீட்டுக்காரர் ஓ.டி. முடிந்து வந்தார். எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாக மெஷின் பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"அந்த ஊட்டிக் குழாய் சொன்னியே, உள்ளே என்ன இருக்கு?" என்றார் பையனிடம்.

"ஆர்கான், மீத்தேன் கலந்த கேஸ்ப்பா. நடுவுல மெல்லிசா ஒரு டங்ஸ்டன் கம்பி."

"எத்தனை குழாய்?"

"மூவாயிரத்து எழுநூத்துப் பன்னெண்டு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அத்தனை குழாயும் லீக் ஆகாம வருஷக்கணக்கா நிக்குதுன்னா, அது சும்மா வேலை இல்ல" என்றார். எழுந்து கை கால் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பி.காம். சேர்ந்தது பி.காம். மேல் உள்ள காதலால் அல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் காலேஜுக்குப் போனபோது எனக்கும் சேர்த்து ஓர் அப்ளிகேஷன் ஃபாரம் வாங்கி வந்தார், அவ்வளவுதான். என்னை யாரும் 'என்ன படிக்க ஆசை' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இவனிடம் இருக்கிறது.

காகிதம் எடுத்து டெபிட், கிரெடிட் போட்டுப் பார்த்தேன். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று போனால் பத்து வருஷம். கடைசியில் வேலை நிச்சயமில்லை. லோன் நிச்சயம். இந்தப் பக்கம் இன்ஜினீயரிங்: நாலு வருஷம். அதிலும் வேலை நிச்சயமில்லை என்பதற்கு எஸ்டேட் கேட் வாசலில் ரெஸ்யூமோடு நிற்கும் பையன்களே சாட்சி. கணக்கு டாலி ஆகவில்லை. ஆகவே ஆகாது. எழுபது தடவை இடித்தால்தான் இரண்டு மடங்கு. அதற்குள் வெளியே போகிறவர்கள்தான் அதிகம். பொறுமையாக உள்ளே இருக்கச் சொல்லிப் பையனுக்கு உபதேசிப்பது சுலபம். அதுவரை வீட்டை யார் தாங்குவது?

காலையில் அக்காவுக்குப் போன் பண்ணி, ஒளிக்காமல் சொன்னேன். "நல்ல இன்ஸ்டிட்யூட்டுக்கு என்ட்ரன்ஸ் எழுதட்டும். ஸ்காலர்ஷிப்போட கிடைச்சா சேரட்டும். கிடைக்கலைன்னா இன்ஜினீயரிங் அப்ளிகேஷனும் போட்டு வைக்கட்டும். ஆனா ஆசையை மட்டும் வேணாம்னு சொல்ல என்னால முடியலைக்கா. சின்னவ ஃபீஸை ரெண்டு வருஷம் நான் பாத்துக்கறேன்."

"உன்னைப் போய் அனுப்பினேன் பாரு" என்று போனை வைத்துவிட்டாள். நாலு நாள் பேச்சே இல்லை.

ஆருத்ரா தரிசனத்தன்று காலை வாசலில் சைக்கிள் மணி. பையன். கையில் தூக்கு டிபன். திறந்தால் களி, இன்னொரு அடுக்கில் ஏழுகாய்க் கூட்டு.

"அம்மா உங்ககூடப் பேச மாட்டாங்களாம். ஆனா சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடச் சொன்னாங்க" என்றான்.

"அப்பா?"

"அடுத்த லீவுக்கு ஊட்டிக்குப் போய் அந்தக் குழாயைப் பாக்க முடியுமான்னு கேக்கறாரு மாமா."